ஆட்டுப் பால் குடித்த நாய்

ஆட்டு நாய் குவாத்தா சாப்பிட்டு முடித்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அதை வைத்துத்தான் கடற்கரை ஊரான சான் இலாரியோவில் எல்லோரும் ஆம்பாரோவின் ஆடுகள் செத்துவிட்டன என்று முடிவு கட்டினார்கள்.

ஆட்டு நாய் தனியாக வீட்டுக்கு வருவது புதிதல்ல. தினமும் வரும். வெயில் சாயும் நேரத்தில் மந்தையை மலையில் விட்டுவிட்டு இறங்கி வந்து, வாசலில் வைத்த சட்டியை நக்கித் துடைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஓடிவிடும். மனிதர்களோடு அதற்கு இருந்த உறவு அந்தச் சட்டி அளவுதான். அப்படித்தான் வளர்க்கிறார்கள். கண் திறக்காத குட்டியை எடுத்துக் குட்டி போட்ட ஆட்டின் மடியில் விட்டுவிடுவார்கள். ஆடு முதலில் உதைக்கும். கட்டிப் போட்டால் மெல்லப் பழகிவிடும். நாய்க்குட்டி ஆட்டுப் பால் குடித்து, ஆட்டின் கதகதப்பில் தூங்கி, தன்னையும் ஓர் ஆடு என்று நம்பி வளரும். அதை யாரும் தொடக் கூடாது. தடவிக் கொடுக்கவே கூடாது. ஒருமுறை மனிதக் கையின் சுகம் கண்டுவிட்டால் பிறகு அது வீட்டு நாய்தான். மலையில் பூமா வந்தாலும் அடுப்படியை விட்டு நகராது.

குவாத்தா என்றால் அங்கே இரட்டையில் ஒன்று என்று பொருள். ஒரு வெள்ளைக் கிடாக்குட்டியோடு ஒரே மடியில் பால் குடித்து வளர்ந்ததால் அந்தப் பெயர். கிடா வளர்ந்து தாடி வைத்து, மந்தைக்கு முன்னால் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தபோது அதற்கு பிஷப் என்று பெயர் வந்தது.

செப்டம்பர் கடைசியில் புயல் அடித்தது. இரண்டு வருடமாக மழை காணாத மலை ஒரே ராத்திரியில் வருடக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. காய்ந்து கிடந்த காட்டாறு, பட்டியையும் வேலியையும் பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போனது. மந்தை அப்போது மேலே மேய்ச்சலில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆம்பாரோவின் கணவன் லிப்ராதோ பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றோடு மேலே ஏறிப் போனான். சேற்றில் மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. அதற்கு மேல் வழி இல்லை. மலைச் சரிவு ஒன்று அப்படியே உருண்டு வந்து பள்ளத்தாக்கை மூடியிருந்தது. மீதி ஆடுகளின் சுவடுகூட இல்லை.

சில நாள் கழித்து குவாத்தா வந்தது. நொண்டிக்கொண்டு வந்தது. சட்டியை நக்கியது. பிறகு போகவில்லை. தினமும் சாயங்காலம் கடற்கரையோரமாக நடந்து, கடலுக்குள் இறங்கும் கருமுனைப் பாறையின் அடிவாரம்வரை போய், அலை அடிக்கும் பாறையில் நின்று ஊளையிடும். இருட்டும்போது திரும்பி வந்து, பட்டி இருந்த இடத்தில் படுத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் சட்டியில் பாதியை மிச்சம் வைத்தது.

"துக்கத்துல பைத்தியம் புடிச்சிருச்சு," என்றான் லிப்ராதோ. ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

ஆடுகள் இல்லாமல் சான் இலாரியோவில் இருக்க முடியாது. லிப்ராதோவின் மீன், படகுக்கு எண்ணெய் ஊற்றவும் வலை வாங்கவும்தான் சரியாக இருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது ஆம்பாரோவின் பாலாடைக்கட்டியால். அவள் அம்மாவிடமிருந்து நான்கு ஆடுகளோடு வந்தவள்; அதைப் பெருக்கி ஒரு மந்தை ஆக்கியவள். தெற்கே பெரிய ஊரில் லாரி ஓட்டும் லிப்ராதோவின் அண்ணன் நாபோருக்குச் செய்தி போனது. அவன் ஒரு ஹோட்டலில் இருவருக்கும் வேலை பேசிவிட்டான். தம்பிக்குத் தோட்ட வேலை, அவளுக்குப் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை. நல்ல மனசோடுதான் செய்தான். லாரியையும் தானே ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு ராத்திரி தங்கி, காலையில் சாமான் ஏற்ற ஆரம்பித்தான்.

கட்டில் ஏறியது. மெத்தை ஏறியது. பால் காய்ச்சும் பெரிய அண்டாவைத் தூக்கும்போது நாபோர், "இது எதுக்கும்மா? அங்க பால் பாக்கெட்ல வருது," என்றான். ஆம்பாரோ அண்டாவின் மூடியை எடுத்து நீட்டினாள். அவனே அதையும் ஏற்றினான்.

பிறகு நாயைப் பற்றிப் பேச்சு வந்தது. மலை மேல் இருக்கும் பண்ணை எதிலாவது விட்டுவிடலாம் என்றான் லிப்ராதோ. வளர்ந்த ஆட்டு நாய் வேறு மந்தையை ஏற்காது, மந்தையும் அதை ஏற்காது என்றான் நாபோர். லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஊரில் கட்டிப் போடலாமா என்று இருவரும் யோசித்தார்கள். அதுவும் சரியாக வராது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆம்பாரோ எழுந்து, பட்டி இருந்த இடத்துக்குப் போனாள். குவாத்தா காலை மடக்கிப் படுத்திருந்தது. அவள் அருகில் உட்கார்ந்தாள். குட்டியாக இருந்தபோது எத்தனையோ முறை தொடத் துடித்த கை அது. அப்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆடே இல்லாத ஆட்டு நாயைத் தொட்டால் இனி என்ன கெட்டுவிடப் போகிறது?

நாய் நடுங்கியது. ஓடவில்லை. தலையில் கை வைத்தாள், பிறகு கழுத்தில், பிறகு விலாவில்.

கை நின்றது.

மயிர் விறைப்பாக இருந்தது. விரலால் பிரித்துப் பார்த்தாள். அடி மயிரில் வெள்ளையாக ஏதோ பொடி படிந்திருந்தது. காதுக்குள் பார்த்தாள், அங்கே அது பொருக்காகவே கட்டியிருந்தது. முன்னங்கால் இடுக்கில், வயிற்றில், வாலடியில், எங்கும் இருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். லிப்ராதோவின் சட்டைகளைக் கல்யாணமான நாளிலிருந்து துவைக்கிறாள்; அந்த உப்பு அவளுக்குத் தெரியும்.

பாதங்களைத் தூக்கிப் பார்த்தாள். முள் ஒன்றுகூட இல்லை. மெல்லிய நீளமான கீறல்கள், கத்தியால் கிழித்ததுபோல. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியில் மிதித்தால் அப்படித்தான் கிழியும். ஆற்றுச் சேறு எங்குமே இல்லை. புயலுக்குப் பிறகு மலையிலிருந்து ஆற்று வழியாக இறங்கி வந்த எல்லாமே வயிறு வரை சேற்றோடுதான் வந்தன. லிப்ராதோவே அப்படித்தான் வந்தான்.

அவள் லாரிக்கு ஓடினாள்.

"கிழவா, இங்க வா."

அந்தக் கரையில் கல்யாணமான மறுநாளே கணவன் கிழவன், மனைவி கிழவி. லிப்ராதோவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

அவன் வந்து பார்த்தான். நாயைத் தொட்டதற்காக முதலில் அவளைத்தான் பார்த்தான். பிறகு, தினமும் அலை அடிக்கிற பாறையில் போய் நிற்கிற நாய், மேலே சாரல் பட்டிருக்கும் என்றான்.

"சாரல் முதுகுல படும். அக்குள்ல படுமா? காதுக்குள்ள படுமா? இது நீந்தி வந்திருக்கு."

"ஆட்டு நாயா? கால்ல ஈரம் பட்டாலே உதறுமே."

"அதான் சொல்றேன். வேற வழி இல்லாமத்தானே நீந்தியிருக்கும்."

லிப்ராதோ கருமுனையைப் பார்த்தான். கறுத்த பாறை கடலுக்குள் செங்குத்தாக இறங்கியிருந்தது. அதைச் சுற்றி நடக்க வழி கிடையாது. புயலுக்குப் பிறகு நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே பலமாக ஓடியது அவனுக்குத் தெரியும். அந்த ஓட்டத்தோடு வந்தால் ஒரு நாய் கரை சேரலாம். எதிர்த்துத் திரும்பிப் போக முடியாது.

நாபோர் லாரியின் பின்கதவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "ஏம்மா, நாய் ஒடம்புல உப்பு இருந்தா ஆடு உசுரோட இருக்குன்னு அர்த்தமா? ஒங்க ஊர்ல கணக்கே தனியா இருக்கு," என்றான். ஆனால் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டான்.

"மச்சான், ஒரு காலை நேரம் குடுங்க. அவ்வளவுதான்," என்றாள் ஆம்பாரோ.

நாபோர் வானத்தைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், லாரியில் ஏறிவிட்ட மெத்தையைப் பார்த்தான். "மத்தியானம் வரைக்கும் இருப்பேன். அப்புறம் வண்டிய எடுத்துருவேன். நீங்க இல்லாட்டி ஒங்க மெத்தையாவது வேலைக்குப் போகட்டும்."

நாயைப் படகில் ஏற்றுவது எளிதாக இல்லை. அதற்குப் படகு என்றால் என்னவென்றே தெரியாது. கடைசியில் ஆம்பாரோ அதைக் கையில் அள்ளிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். கால்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பெரிய அவமானத்தைப் பொறுத்துக்கொள்வதுபோல அது வந்தது. எடை குறைந்திருந்தது. சட்டியில் போட்ட சோளரொட்டியையும் மீனையும் அவள் ஒரு துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள்.

கருமுனையைச் சுற்றியதும் ஊர் மறைந்தது. அதற்கு அப்பால் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அந்தப் பக்கத்துக் குடாக்களில் மீன் இல்லை, உள்ளே பாறை அதிகம். மீனவர்கள் வெளியே தீவுகளுக்குப் போகும்போது தூரத்தில் பார்ப்பதோடு சரி. லிப்ராதோ கரையை ஒட்டியே படகைச் செலுத்தினான். மழை மலையின் நிறத்தையே மாற்றியிருந்தது. தூண் தூணாக நிற்கும் கள்ளிகள் தண்ணீர் குடித்து வயிறு பெருத்திருந்தன. சுள்ளியாக நின்ற செடிகளெல்லாம் இலை விட்டிருந்தன. எல்லாம் மேய ஆளில்லாத பசுமை.

முதல் குடாவில் கூழாங்கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. குவாத்தா படகின் நடுவில் படுத்து, வாயோரம் எச்சில் வழியக் கண்ணை மூடியிருந்தது. இரண்டாவது குடாவில் அகலமான மணல் இருந்தது. ஆம்பாரோ இறங்கி ஓரம் முழுக்க நடந்து பார்த்தாள். பறவைக் காலும் நரிக் காலும் இருந்தன, குளம்பு இல்லை. நாய் படகை விட்டு இறங்கவே இல்லை. அவள் திரும்பி வந்து ஏறியபோது லிப்ராதோ ஒன்றும் சொல்லாமல் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினான். சொல்லாமல் இருந்ததற்கு அவள் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

கழுகுகளை முதலில் பார்த்தவன் அவன்தான். ஒரு பாறை நாக்குக்குப் பின்னால், மலைக்கு நெருக்கமாக, ஏழெட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன. அவன் அதைக் கண்ணால் காட்டவில்லை. அவளும் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"திரும்பிரலாமா கிழவி?"

வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். பார்த்துவிட வேண்டும். செத்திருந்தால் செத்ததைப் பார்த்துவிட்டு லாரி ஏறலாம்.

பாறை நாக்கைத் தாண்டியதும் கரை உள்ளே வளைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே வழி இருப்பதே தெரியாது. பாறையும் பாறையும் ஒன்றை ஒன்று மறைத்தன. நடுவில் ஒரு படகு நுழையும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. லிப்ராதோ மோட்டாரை நிறுத்தித் தூக்கிக் கட்டினான். துடுப்பால் பாறையை உந்தி உந்தி உள்ளே விட்டான். தலைக்கு மேல் பாறையில் நாரைகள் அசையாமல் நின்றன. அடியில் மணல் தெளிவாகத் தெரிந்தது. திருக்கை மீன்கள் படகின் நிழலைக் கண்டு மணலை உதறிக்கொண்டு நழுவின. வெளியே வடகாற்று எழ ஆரம்பித்திருந்தது. உள்ளே தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவ்வளவு அமைதியில் துடுப்பிலிருந்து சொட்டும் நீர் சத்தமாகக் கேட்டது.

அப்போது நாற்றம் வந்தது.

லிப்ராதோ துடுப்பை நிறுத்தினான். மூக்கைப் பொத்தினான். "வேணாம் ஆம்பாரோ," என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும்தான் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

அவள் மூச்சை நன்றாக இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"கையை எடு. நல்லா மோந்து பாரு."

"எதுக்கு?"

"இது செத்த நாத்தம் இல்ல. இது பிஷப்பு."

அவன் கையை எடுத்தான். பருவத்தில் இருக்கும் கிடாவின் நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறக்க மாட்டார். சட்டையில் பட்டால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. அந்த மாதங்களில் லிப்ராதோ பிஷப்பைப் பார்த்தாலே காற்று வரும் திசையைப் பார்த்து நகர்ந்து நிற்பான். இப்போது அவன் வாயைத் திறந்துகொண்டு, முகம் முழுக்கச் சிரிப்பு பரவ, அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தான்.

குவாத்தா எழுந்துவிட்டது. படகின் முன்முனைக்குப் போய் முன்னங்கால்களை விளிம்பில் வைத்து நின்றது. உடம்பு முழுவதும் நடுங்கியது. அது குரைக்கவில்லை, முனகவும் இல்லை. படகு கடைசிப் பாறையைத் தாண்டியதும் கடற்கரை தெரிந்தது, கரைக்குப் பின்னால் ஒரு பச்சைப் பள்ளம் தெரிந்தது, பள்ளத்தில் வெள்ளையும் கறுப்பும் பழுப்புமாக அவை தெரிந்தன. தண்ணீர் இன்னும் ஆழமாக இருக்கும்போதே நாய் குதித்துவிட்டது.

ஆம்பாரோ படகில் நின்றபடியே எண்ண முயன்றாள். எண்ண முடியவில்லை. கண் முன் எல்லாம் கலங்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி கலங்கியது. லிப்ராதோதான் எண்ணினான். சேற்றில் கிடந்த மூன்றைத் தவிர இங்கே ஒன்று செத்துப் பாறையோரம் கிடந்தது, கழுகுகள் அதற்காகத்தான். மீதி எல்லாம் இருந்தன. மீதிக்கு மேலும் ஒன்று இருந்தது: கால் தடுமாறும் ஒரு புதுக்குட்டி.

நாய் ஒவ்வோர் ஆட்டிடமும் போய் முகத்தையும் வாலடியையும் மோந்து பார்த்தது. ஆடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. காலையில் போன ஒன்று சாயங்காலம் வந்ததைப் போல மேய்ந்துகொண்டிருந்தன. பிஷப் மட்டும் கொம்பால் அதன் விலாவில் லேசாக ஓர் இடி இடித்தது. பிறகு குவாத்தா மந்தையின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, படுத்து, அப்படியே தூங்கிப்போனது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அது அப்படித் தூங்கி ஆம்பாரோ பார்க்கவில்லை.

எப்படி வந்தன என்பது மேலே ஏறிப் பார்த்ததும் விளங்கியது. புயலுக்கு ஒதுங்கி மந்தை மலையின் இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. பின்னாலேயே சரிவு விழுந்து பாதையை அடைத்துவிட்டது. ஆனால் அடைத்த மலையே ஓர் உதவியும் செய்திருந்தது. பாறைக் குழி ஒன்றில் மழைத் தண்ணீர் ஒரு குட்டை அளவு தேங்கியிருந்தது. லிப்ராதோ குப்புறப் படுத்துக் குடித்துப் பார்த்தான். நல்ல தண்ணீர். ஆட்டுக்குத் தழையும் தண்ணீரும் இருந்தன. நாய்க்குத்தான் ஒன்றும் இல்லை. பசி தாங்கும் வரை இருந்திருக்கிறது. பிறகு தினமும் செய்வதைத்தான் செய்திருக்கிறது: சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறது.

ஆம்பாரோ கீழே தூங்கிக்கொண்டிருந்த நாயைத் திரும்பிப் பார்த்தாள். பாறையில் நின்று அது ஊளையிட்டதெல்லாம் துக்கம் இல்லை. வேலைக்குத் திரும்ப வழி கேட்டிருக்கிறது. ஊர் முழுக்கக் கேட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

குட்டி இல்லாத ஆடுகளுக்கு மடி கட்டியிருந்தது. சிலவற்றுக்கு வற்றியே விட்டது. அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து, சூடான மடியை மெல்ல நீவிக் கறந்தாள். முதலில் வந்ததை மணலில் விட்டாள். பிறகு நல்ல பாலாக வந்ததும் குடிதண்ணீர்க் குடத்தைக் காலி செய்து அதில் கறந்தாள். லிப்ராதோ ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொப்பியைக் கழற்றிப் பாறையில் வைத்திருந்தான். வெகு நேரமாக ஏதோ சொல்ல நினைப்பவன் மாதிரி இருந்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"என்ன கிழவா?"

"டிசம்பர்ல நான் சான் ஹவியேருக்கு நடந்து போகணும்."

அவள் கறப்பதை நிறுத்தினாள். சான் ஹவியேரின் கோயில் மலைக்கு நடுவில் இருக்கிறது. திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் நாள் கணக்கில் கல்லும் முள்ளுமாக நடந்து போவார்கள்.

"யாரு நேந்துகிட்டது?"

"நான்தான்."

"எப்ப?"

"சேத்துல அந்த மூணப் பாத்த அன்னிக்கு."

ஆடு செத்துவிட்டது, விட்டுவிடு என்று ஊருக்கே சொன்னவன். அண்ணனுக்குச் செய்தி அனுப்பியவன். அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஆட்டின் கொம்பைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீயும் நம்ப ஆரம்பிச்சுருவே. அப்புறம் கெடைக்கலேன்னா ரெண்டு பேரையும் யாரு தேத்துறது? ஒருத்தர் நம்புனாப் போதும்னு இருந்துட்டேன்." பிறகு, "எனக்கு முட்டி வலின்னு அந்தச் சாமிக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சிருக்காரு," என்றான்.

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது; ஆடு மிரண்டு காலைத் தூக்கியது. தானும் கூட நடக்கிறேன் என்றாள். யார் பால் கறப்பது என்று அவன் கேட்டான். அதைச் சாமியே பார்த்துக்கொள்வார் என்றாள். அவள் பெரிதாகக் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் இப்போது யாருக்காவது நன்றி சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டிய ஆள் மந்தை நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நன்றி என்றால் என்னவென்று தெரியாது.

மந்தையைப் படகில் ஏற்றிக்கொண்டு போவதா என்று பேசினார்கள். காலைக் கட்டி நான்கு நான்காகக் கொண்டு போகலாம். ஆனால் ஊரில் பட்டி இல்லை. மேயும் இடமெல்லாம் சேறு. இங்கே தண்ணீர் இருக்கும்வரை, பனிக்காலம் முழுவதும்கூட, மேய்ச்சல் இருக்கும். மலைப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்ளலாம். அதுவரை தினமும் படகில் வந்து கறந்துகொண்டு போனால் போதும் என்றான் லிப்ராதோ. படகு ஓட்டத் தெரிந்த இடைச்சி இந்தக் கரையில் இதுவரை இருந்ததில்லை, ஊரில் சிரிப்பார்கள் என்றாள் ஆம்பாரோ. சிரித்துக்கொண்டே பாலாடைக்கட்டி வாங்குவார்கள் என்றான் அவன்.

கிளம்பும்போது அவள் துணியை அவிழ்த்து, சோளரொட்டியையும் மீனையும் ஒரு தட்டைப் பாறையில் வைத்தாள். குவாத்தா விழித்துக்கொண்டு வந்தது. அவள் கை தானாக நீண்டது. காலையில் அந்தத் தலையின் சூடு எப்படி இருந்தது என்று கைக்கு ஞாபகம் இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கை கேட்டது. அவள் பின்னால் நகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாய் சாப்பிடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். முழுவதையும் சாப்பிட்டது. பாறையையும் நக்கியது. பிறகு அவளைப் பார்க்காமல் மந்தைக்கு ஓடியது. நொண்டல் இருந்தது; ஆனாலும் ஓடியது.

"அழறியா?" என்றான் லிப்ராதோ.

"பிஷப்பு நாத்தம். கண்ணு எரியுது."

வெளியே காற்று நன்றாக எழுந்திருந்தது. கருமுனையைச் சுற்றும்போது அலை படகுக்குள் தெறித்தது. ஆம்பாரோ பால் குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மத்தியானம் தாண்டிவிட்டது. லாரி போயிருக்குமோ என்று எட்டிப் பார்த்தாள். போகவில்லை.

நாபோர் கடற்கரையில் நெற்றியில் கை வைத்து நின்றிருந்தான். படகு இன்னும் தூரத்தில் இருந்தது. லிப்ராதோ எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தலாம் என்று வாயைத் திறந்தான். அதற்கு முன்னாலேயே நாபோர் திரும்பி லாரியை நோக்கி நடந்துவிட்டான்.

"கோபமாப் போறாரோ?" என்றான் லிப்ராதோ.

ஆம்பாரோ படகைச் சுற்றிப் பார்த்தாள். நாய் ஏறிய படகில் இப்போது நாய் இல்லை. அந்த மனுஷனும் மலையில் பிறந்து வளர்ந்தவர்தானே. ஆட்டு நாய் எங்கே நிற்கும் என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்?

படகு மணலைத் தொட்டபோது நாபோர் கயிறுகளையெல்லாம் அவிழ்த்து முடித்திருந்தான். பால் காய்ச்சும் அண்டா முதல் ஆளாகக் கீழே இறங்கி, அடுப்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த அவன், திரும்பாமலே குரல் கொடுத்தான்:

"ஏம்மா, கொடத்துல எனக்கும் ஒரு டம்ளர் இருக்கா, இல்ல நான் பாக்கெட்லதான் குடிக்கணுமா?"